மூன்றரை மணிக்கு விடை கிடைத்தால் லேப்டாப்பைத் திறக்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எனக்கு 31 வயது. பெங்களூரு கம்பெனி ஒன்றில் புரோகிராமர். இரண்டு மாதமாக ஊரில் அப்பா அம்மாவோடு இருந்து வேலை பார்க்கிறேன். அமெரிக்காவோடு பேசும் போன் கால் முடிந்து பதினொரு மணிக்குப் படுப்பேன். இங்கே வந்த பிறகு உறக்கத்திலும் கோடிங்தான். வாரத்தில் மூன்று நாலு நாள், அப்பா ரப்பர் பால்வெட்டுக்குக் கிளம்பும் மூன்றரை மணிக்கு ஏதோ ஒரு விடையோடு விழிப்பு வந்துவிடுகிறது. ஒருமுறை அது அப்படியே சரியாக இருந்தது. எங்கள் தினசரிக் கணக்கில் சில பதிவுகள் நாள் மாறி விழுந்துகொண்டிருந்தன, ஒரு வாரமாகக் காரணம் பிடிபடவில்லை. கனவில் அப்பா இன்று எடுத்த பாலை நேற்றைய தேதியில் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எழுந்ததும் புரிந்துவிட்டது, சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது! இன்னொரு நாள் எழுந்து லேப்டாப்பைத் திறந்து பார்த்தால், கனவில் கண்ட ஃபங்ஷனே எங்கள் புரோகிராமில் இல்லை. இது திறமையா, மூளைக்கு ஓய்வில்லை என்பதன் அடையாளமா? வேண்டும்போது இப்படி வரவழைக்க முடியுமா? விழித்ததும் வேலையைத் தொடங்கிவிடலாமா? 'ஒறக்கத்துலயும் பொலம்புதாளே' என்று அம்மா பயப்படுகிறார்."

முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், வேலையைக் கனவில் காண்பது நோய் இல்லை. பகல் முழுக்கக் கண்ணும் கையும் எதில் கிடக்கிறதோ அது ராத்திரியும் கூடவே வரும். 2000-இல் ஹார்வர்டின் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவர் குழுவினரும் 27 பேரை டெட்ரிஸ் என்ற, விழும் கட்டைகளை அடுக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடவைத்து, கண் சொருகும் நேரத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். 17 பேர் கட்டைகள் விழுவதைக் கண்டதாகச் சொன்னார்கள். அந்த 27 பேரில் 5 பேர் புதிய நினைவு எதுவும் தங்காத மறதி நோயாளிகள். ஆடினோம் என்பதே நினைவில் இல்லாத அவர்களிலும் 3 பேருக்குக் கட்டைகள் தெரிந்தன. நமக்கு நினைவிருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றிக் கவலைப்படாமல், பகலில் செய்ததை மூளை இரவில் திரும்ப எடுத்துப் பார்க்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது அந்த மூன்றரை மணி. உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் அதிகம். பின்னிரவு ஆக ஆக, கண்மணிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் ரெம் உறக்கம் கூடிக்கொண்டே போகும். தெளிவான, கதை போன்ற கனவுகள் பெரும்பாலும் அந்த ரெம் நேரத்தில் வருபவை, ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் அது வரும். பதினொன்றுக்குப் படுத்தால் மூன்றரை மணி என்பது மூன்றாவது சுற்று முடிகிற இடம். அந்த நேரம் பார்த்து அப்பா கதவு திறக்கிறார், தலையில் லைட் மாட்டுகிறார், பைக் ஸ்டார்ட் ஆகிறது. கனவின் நடுவே எழுப்பப்பட்டால்தான் கனவு நினைவில் நிற்கும், தொடர்ந்து உறங்கினால் மறந்துபோகும். பெங்களூரில் உங்களை அந்நேரம் யாரும் எழுப்பியிருக்க மாட்டார்கள். அங்கேயும் நீங்கள் கோடிங் கனவுகள் கண்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். இங்கே புதிதாக வந்திருப்பது விழிப்பு.

சரி, கனவில் உண்மையாகவே விடை கிடைக்குமா? கிடைக்கும், ஆனால் அபூர்வம். உறக்க ஆராய்ச்சியின் முன்னோடி வில்லியம் டிமென்ட், ஸ்டான்ஃபோர்டில் 500 மாணவர்களுக்குப் புதிர்கள் கொடுத்து, படுக்கும் முன் பதினைந்து நிமிடம் யோசித்துவிட்டு உறங்கச் சொன்னார். மொத்தம் 1,148 முயற்சிகள். கனவிலேயே விடை வந்தது 7 முறை. அதனால் உங்கள் யுடிசி கனவை ஒரு நல்ல நாளாக எடுத்துக்கொள்ளுங்கள், தினமும் எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் உறங்கி எழுந்தவருக்கு விடை எளிதாகப் பிடிபடுகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு, எனக்கு இதுதான் முக்கியம். 2004-இல் ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழகத்தில் உல்ரிக் வாக்னர், யான் போர்ன் குழுவினர் ஒரு எண் கணக்கைக் கொடுத்தார்கள். அதில் ஒரு குறுக்குவழி ஒளிந்திருந்தது, அதைப் பற்றி யாருக்கும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பழகவிட்டு, எட்டு மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். இடையில் உறங்கியவர்களில் 59 சதவீதம் பேர் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். விழித்திருந்தவர்களில் 23 சதவீதம் பேர்தான். உறக்கம் உள்ளே இருந்த பொருளை அடுக்கிவைத்தது, காலையில் வழி தெரிந்தது.

இதை அப்பாவிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். பட்டையைச் சரியான ஆழத்தில் கீறிவிட்டால், அப்புறம் இரண்டு மூன்று மணி நேரம் பால் தானாகச் சிரட்டையில் சொட்டும். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு துளிகூடக் கூடாது. ஆனால் கீறல் விழாத மரத்தில் விடியவிடியக் காத்திருந்தாலும் சிரட்டை காலிதான். லூபெக்கில் உறங்கியவர்களும் உறங்கும் முன் அந்தக் கணக்கில் கை வைத்தவர்கள். அதே கணக்கை முன்பின் பார்க்காமல் உறங்கி எழுந்த இன்னொரு குழுவுக்கு உறக்கத்தால் எந்தக் கூடுதல் பயனும் இல்லை. நம் ஊரில் இந்தப் பேச்சு வந்தாலே, நாமகிரித் தாயார் ராமானுஜனுக்குக் கனவில் சூத்திரம் காட்டிய கதையைச் சொல்வார்கள். அவர் பகலெல்லாம் சிலேட்டில் கணக்குப் போட்டுப் போட்டு அழித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீங்களும் ஒரு வாரம் அந்த லாக் ஃபைல்களைக் குடைந்த பிறகுதானே அப்பா நோட்டோடு வந்தார்?

அந்தக் கனவு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நம் நேரம் யுடிசியை விட ஐந்தரை மணி முன்னால். நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரைக்குள் இங்கே நடக்கும் எதையும் யுடிசி சர்வர் முந்தின தேதியில்தான் எழுதும். உங்கள் வீட்டில் அந்த நேரத்தில் வேலை செய்கிறவர் அப்பா. ரெம் உறக்கத்தில் மூளையை விழிப்பாக வைக்கும் நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் வெகுவாகக் குறைந்துவிடுகிறது, தொடர்பில்லாத நினைவுகள் அப்போது எளிதாக ஒட்டிக்கொள்கின்றன. அதே நேரத்தில், 'இது சரியா தப்பா' என்று நிறுத்திப் பார்க்கும் முன்மூளைப் பகுதியின் வேலையும் மந்தமாகிறது. இல்லாத ஃபங்ஷன் உங்களுக்கு அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது அதனால்தான். இரண்டு கனவுகளும் ஒரே பட்டறையில் செய்தவை. கனவில் எவ்வளவு உறுதியாகத் தோன்றியது என்பதை வைத்து விடையை எடைபோடாதீர்கள், காலையில் டெஸ்ட் எழுதி ஓட்டிப் பாருங்கள்.

அதனால் மூன்றரை மணிக்கு லேப்டாப்பைத் திறக்கக் கூடாது. இதில் நான் கண்டிப்பானவன். அந்தத் திரையின் வெளிச்சமும் வேலையின் பரபரப்பும் மூளையை முழுக்க எழுப்பிவிடும். பின்னிரவின் மிச்ச உறக்கம், அதாவது ரெம் அதிகம் உள்ள பகுதி, போய்விடும். நாளைய விடைகளை விற்று இன்றைய விடையை வாங்குவது போல. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் 45 கல்லூரி மாணவர்களுக்கு ஒரு புரோகிராமிங் வேலை கொடுத்தார்கள். முந்தின இரவு முழுக்க விழித்தவர்களின் வேலைத் தரம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. அரைகுறை உறக்கத்தில் பாதிப்பு அவ்வளவு இருக்காது என்றாலும் திசை அதுதான். அந்நேரத்தில் புரொடக்‌ஷனில் (மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் புரோகிராமில்) எதையும் மாற்றவே வேண்டாம்.

தலைமாட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஆனால் முழு வாக்கியமாக எழுதுங்கள். ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானிக்கு நடந்ததைச் சொல்கிறேன். நரம்புகள் வேதிப்பொருள் வழியாகத்தான் இதயத்துக்குச் செய்தி சொல்கின்றனவா என்பதை நிரூபிக்க ஒரு சோதனை அவருக்கு உறக்கத்தில் தோன்றியது. எழுந்து ஒரு தாளில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை. அடுத்த இரவு மூன்று மணிக்கு அதே யோசனை திரும்ப வந்தது. இந்த முறை நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய்த் தவளை இதயத்தில் சோதனையைச் செய்தார். அதன் முடிவு 1921-இல் வெளியானது. 1936-இல் நோபல் பரிசு வந்தது. 'டேட் இஷ்யூ, அப்பா' என்று எழுதினால் உங்களுக்கும் காலையில் ஒன்றும் விளங்காது. 'சர்வர் தேதியும் நம் தேதியும் ஒன்றா என்று பார்' என்று எழுதுங்கள். எழுதிவிட்டு லைட்டை அணைத்துவிடுங்கள். எழுதிவைத்தாயிற்று என்ற நிம்மதியே பலருக்கு மறுபடி உறக்கத்தைக் கொடுத்துவிடும்.

அடுத்து, வேண்டுமென்றே வரவழைக்க முடியுமா? பரிசோதனைக்கூடத்தில் ஓரளவு முடிந்திருக்கிறது. 2019-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், மாலையில் தீர்க்க முடியாமல் போன ஒவ்வொரு புதிருக்கும் ஒரு ஒலியை இணைத்து, சில ஒலிகளை மட்டும் இரவில் உறக்கம் கலையாதபடி மெல்ல ஒலிக்கவிட்டார்கள். காலையில் ஒலி கேட்ட புதிர்களில் 31.7 சதவீதமும், கேட்காதவற்றில் 20.5 சதவீதமும் தீர்ந்தன. போனில் ஒரு ஆப் போட்டு வீட்டில் இதைச் செய்துபார்க்காதீர்கள், உங்களுக்கு இப்போது இன்னொரு சத்தம் வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது இதைவிட எளிது. கால் முடிந்ததும் ஐந்து நிமிடம் எடுத்து, சிக்கல் என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் தமிழில் எழுதுங்கள். தாய்மொழியில் எழுதும்போது நமக்கே புரியாத இடம் பளிச்சென்று தெரியும், இது என் அனுபவம். அதன் கீழே, நாளை முதலில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். 2018-இல் பேய்லர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்கல்லின் குழு 57 இளைஞர்களிடம் இதைச் சோதித்தது. செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். எழுதியதும் நோட்டை மூடிவிட்டு வேறு பேச்சுப் பேசுங்கள். படுக்கையில் கிடந்து சிக்கலை உருட்டுவது உறக்கத்தைத்தான் கெடுக்கும்.

காலையில் கண் விழித்ததும் வாட்ஸ்அப்பைத் திறக்காமல் பத்து நிமிடம் அந்த ஒரு வாக்கியத்தைப் படியுங்கள். டிமென்ட்டின் 7-ஐ நம்பிக் காத்திருப்பதைவிட இந்தப் பத்து நிமிடம் நிறையத் தரும்.

உச்சைக்குச் சாப்பிட்டபின் இருபது நிமிடம் சாய்வதும் நல்லது, அலாரம் வைத்துக்கொண்டு. 2021-இல் பாரிஸில் டெல்ஃபின் உதியெத் குழுவினர் அதே ஒளிந்த குறுக்குவழிக் கணக்கை வைத்துப் பார்த்தார்கள். உறக்கத்தின் வாசற்படியில் கால் நிமிடமாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் வழியைக் கண்டார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம். கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டவர்களில் 14 சதவீதம்தான். குட்டி உறக்கம் நீளக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

கட்டன் சாயாவை மதியத்தோடு நிறுத்துங்கள். காஃபீனில் பாதி உடலைவிட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். எட்டு மணிக் காலுக்கு முன் குடித்த சாயா நள்ளிரவிலும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

உங்களுக்கு உண்மையான குறை, ராத்திரி உறக்கம் நாலரை மணி நேரத்திலேயே உடைவதுதான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். அப்பாவிடம் பேசுங்கள். கத்தி, லைட், செருப்பு எல்லாம் முந்தின ராத்திரியே வெளித் திண்ணைக்குப் போகட்டும், பைக்கைக் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யட்டும். பின்கட்டில் அறை இருந்தால் அங்கே படுங்கள், ஃபேன் சத்தம் மற்ற சத்தங்களை மூடும். பொதுவாக ஒன்று விட்டு ஒரு நாள்தானே வெட்டு? வெட்டில்லாத நாட்களில் உங்களுக்கு விழிப்பு வருகிறதா என்று இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். அந்நாட்களில் வரவில்லை என்றால் என் ஊகம் சரி. கனவுகள் நினைவில் குறைவதைப் பார்த்துத் திறமை போய்விட்டதாக வருந்த வேண்டாம், அடுக்கும் வேலை உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும்.

வெட்டில்லாத நாளிலும் விழிப்பு வந்தால், கனவு ஒரே புரோகிராம் பிழையைச் சுற்றிச்சுற்றி முன்னே நகராமல் பயத்தோடு எழுப்பினால், வாரத்துக்கு மூன்று இரவாவது உறக்கம் கெட்டு மூன்று மாதம் ஓடிவிட்டால் அது வேறு விஷயம். கனவுக்கு ஏற்றபடி கை கால் உதறுவது, பெரிய குறட்டை, பகலில் உறங்கி வழிவது இவையும் டாக்டரிடம் காட்டவேண்டியவை. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக உறக்க மாத்திரை வாங்காதீர்கள். நாள்பட்ட உறக்கமின்மைக்கு முதல் சிகிச்சையே மாத்திரை இல்லாத, பழக்கத்தைத் திருத்தும் சிகிச்சைதான். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். போக முடியாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகப் பேசலாம். போகும்போது அந்தத் தலைமாட்டு நோட்டையும் கொண்டுபோங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள் என்பதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.