வெனிஸ் படகு பாஸ்: 48 மணி நேரமா, 72 மணி நேரமா?

ஒரு வாசகியின் கேள்வி இது: "மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஃப்ளோரன்ஸிலிருந்து ரயிலில் வெனிஸ் போகிறோம். ஞாயிறு இரவு விமானம். நான், கணவர், 19 வயது மகள், 8 வயது மகன், மூட்டு வலியுள்ள மாமியார் என ஐந்து பேர். அறை வெனிஸுக்கு எதிரே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் எடுத்திருக்கிறோம். படகுக்கு மூன்று நாள் பாஸ் தலைக்கு 45 யூரோ, ஐந்து பேருக்கு 225 ஆகிறது. வாங்கலாமா? வெனிஸை நடந்தே சுற்றிவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்களே?"

மூன்று நாள் பாஸ் வேண்டாம். பெரியவர்கள் மூவருக்கும் 48 மணி நேர பாஸ், பிள்ளைகள் இருவருக்கும் ரோலிங் வெனிஸ் என்ற சலுகைக் கார்டோடு வரும் பாஸ், இது போதும். மொத்தம் 171 யூரோவில் முடியும்.

நீங்கள் மூன்று நாள் என்று எண்ணுவது வெள்ளி, சனி, ஞாயிறு. பாஸ் அப்படி எண்ணாது. எந்த நிமிடம் முதல் தடவை கார்டைக் கருவியில் காட்டுகிறீர்களோ அங்கிருந்து மணிக்கணக்கு ஓட ஆரம்பிக்கும், நள்ளிரவில் நாள் முடிகிற கதையெல்லாம் இல்லை. ஃப்ளோரன்ஸிலிருந்து வரும் ரயில் மெஸ்த்ரேயில் நின்றுவிட்டுத்தான் வெனிஸின் சாந்தா லுச்சியா நிலையத்துக்குப் போகும் (எல்லா ரயிலும் மெஸ்த்ரேயில் நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்). நீங்கள் மெஸ்த்ரேயிலேயே இறங்கி, பெட்டிகளை அறையில் போட்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப எப்படியும் மூன்று மணி ஆகும். வெள்ளி மாலை 3 மணிக்கு முதல் தடவை காட்டினால் ஞாயிறு மாலை 3 மணி வரை கையில் இருக்கிறது. இரவு விமானத்துக்கு அந்த நேரத்தில் நீங்கள் ஊரை விட்டுக் கிளம்பியே ஆக வேண்டும். அதற்கு மேல் 24 மணி நேரத்துக்குத் தலைக்கு 10 யூரோ கூடுதலாகக் கொடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

இப்போதைய விலை இதுதான்: 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, 24 மணி நேரம் 25, 48 மணி நேரம் 35, 72 மணி நேரம் 45, ஒரு வாரம் 65. ஒற்றை டிக்கெட்டின் விலையைப் பார்த்தாலே புரிந்திருக்கும், சுற்றுலாப் பயணிக்கு இந்த ஊரில் படகு மலிவு கிடையாது. நீங்கள் ஐந்து பேரும் ஒரு தடவை ஏறி இறங்கினால் 47.50 யூரோ. அந்த 75 நிமிடத்துக்குள் படகு மாறலாம், ஆனால் போன வழியே திரும்பி வர முடியாது. ஒரு ஆள் நான்கு தடவை ஏறினாலே 48 மணி நேர பாஸின் காசு வந்துவிடும், உங்கள் திட்டத்தில் அதைப் போல இரண்டு மடங்காவது ஏறுவீர்கள்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். ஆறு வயதுக்குள் இருந்தால் இலவசம், அதற்கு மேல் அரை டிக்கெட் என்று எதுவும் இல்லை, உங்கள் எட்டு வயது மகனும் முழு ஆள்தான். ஆனால் 6 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு ரோலிங் வெனிஸ் என்று ஒரு கார்டு உண்டு. கார்டுக்கு 6 யூரோ, அதை வைத்து 72 மணி நேர பாஸை 27 யூரோவுக்கு வாங்கலாம், ஆகமொத்தம் 33. 48 மணி நேரத்துக்குக் கொடுக்கும் 35-ஐ விட 2 யூரோ குறைவு, நேரமோ ஒரு நாள் கூடுதல். இதைக் கல்லூரி மாணவர்களுக்கான சலுகை என்று நினைத்துப் பலர் சின்னப் பிள்ளைகளுக்கு வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். வயதுச் சான்றுக்கு இரண்டு பேரின் பாஸ்போர்ட்டையும் கவுண்டருக்கு எடுத்துப் போங்கள், அப்புறம் சுற்றும்போதும் அடையாளத்துக்கு ஏதாவது கையில் இருக்கட்டும்.

அடுத்து நடப்பது. உங்களைப் பற்றி மட்டும் கேட்டால் நடந்தே சுற்றுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ரயில் நிலையத்திலிருந்து சான் மார்கோ சதுக்கத்துக்கு அரை மணி, முக்கால் மணி நடைதான், வழி தப்பினால் அதுவும் நல்லதே. ஆனால் உங்கள் மாமியாருக்கு அது ஆகாது. தூரம் அல்ல பிரச்சினை, பாலங்கள். ஊருக்குள் நூற்றுக்கணக்கான பாலங்கள் இருக்கின்றன, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஏறப் படி, இறங்கப் படி. மூட்டு வலிக்காரருக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் வேதனை. வீட்டில் ஒருவருக்காவது இந்தத் தொல்லை இருந்தால் பாஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், வாங்கிவிடுங்கள்.

ஆனால் படகிலும் வித்தியாசம் உண்டு, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். கிராண்ட் கனால் என்ற பெரிய கால்வாயில் ஓடும் 1, 2 எண் படகுகள் அகலமானவை, மேடையிலிருந்து நேராகக் கால் வைத்து ஏறலாம், தளம் சமமாக இருக்கும். ஊரை வெளிப்பக்கமாகச் சுற்றி வரும் 4.1, 4.2, 5.1, 5.2 படகுகள் சின்னவை, தாழ்வானவை, உட்காரும் அறைக்குப் படி இறங்க வேண்டும். மாமியாருடன் போகும்போது முடிந்தவரை 1, 2-ஐப் பிடியுங்கள். ஏறும் இடம் தண்ணீரில் மிதக்கும் மேடை என்பதால் கொஞ்சம் ஆடும், படகு வந்து லேசாக இடித்த பிறகு பணியாளர் வடத்தைக் கட்டையில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கி, அப்புறம்தான் கம்பிக் கதவைத் தள்ளித் திறப்பார். அதுவரை மாமியாரை உட்கார்ந்தே இருக்கச் சொல்லுங்கள், நிறுத்தம் வருகிறதே என்று முன்கூட்டியே எழுந்து நிற்பவர்கள்தான் அந்த இடியில் தடுமாறுவார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை மெஸ்த்ரேயிலிருந்து பேருந்திலோ டிராமிலோ, வண்டிகள் வந்து நிற்கும் கடைசி இடமான பியாத்ஸாலே ரோமாவுக்கு வாருங்கள், அதற்கும் இதே பாஸ் செல்லும். ரயிலில் வருவதானால் பாஸை நம்பாமல் தனி டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றரை யூரோ அளவுதான். பியாத்ஸாலே ரோமாவில் 1-ஆம் எண் படகில் ஏறி சான் மார்கோ வரை போங்கள், முக்கால் மணி நேரம் பிடிக்கும். 2-ஆம் எண் சீக்கிரம் போகும், ஆனால் முதல் நாள் சீக்கிரம் போய் ஆகப்போவது ஒன்றுமில்லை. 1 ஒவ்வொரு நிறுத்தமாக இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மாறி மாறிப் போவதால் இரண்டு பக்க மாளிகைகளும் கிட்டத்தில் கிடைக்கும், ரியால்டோ பாலத்துக்கு அடியில் புகுந்து போகும். ஏறும் இடம் பியாத்ஸாலே ரோமாவாகவே இருக்கட்டும், அடுத்து வரும் ஃபெர்ரோவியாவில் (ரயில் நிலைய நிறுத்தம்) ரயில் கூட்டம் மொத்தமும் ஏறிவிடும், பிறகு உட்கார இடம் கிடைக்காது.

சனிக்கிழமை தீவுகள். பாஸுக்குக் கொடுத்த காசு உண்மையில் வசூலாவது அன்றுதான். பியாத்ஸாலே ரோமாவிலிருந்து 3-ஆம் எண் நேராக முரானோவுக்குப் போகும். 1291-இல் தீ விபத்துக்குப் பயந்து கண்ணாடி உலைகளை எல்லாம் வெனிஸிலிருந்து கிளப்பி அனுப்பிய தீவு அது. அங்கே ஃபாரோ நிறுத்தத்தில் 12-ஆம் எண் பிடித்தால் அரை மணி நேரத்தில் புரானோ, வண்ண வண்ண வீடுகள், பாலங்கள் குறைவு, மாமியாருக்கும் தோதான இடம். புரானோவிலிருந்து தோர்செல்லோ சில நிமிடப் பயணம், அங்குள்ள பழைய பேராலயம் 639-இல் தொடங்கப்பட்டது. ஆனால் படகுத் துறையிலிருந்து அங்கே கொஞ்சம் நடக்க வேண்டும், அவருக்குக் கால் வலித்தால் இதை விட்டுவிடலாம். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் 12-ஆம் எண்ணுக்கு வரிசை நீளும், சாயங்காலம் புரானோவிலிருந்து திரும்பும்போது இன்னும் மோசம், ஒரு படகு நிறைந்து போய் அடுத்ததற்கு நிற்க வேண்டி வரும்.

ஞாயிறு காலை என் யோசனை, சான் ஸக்கரீயா நிறுத்தத்திலிருந்து 2-ஆம் எண்ணில் ஒரே நிறுத்தம் தள்ளி இருக்கும் சான் ஜோர்ஜோ மஜோரே தீவு. அங்குள்ள மணிக்கூண்டுக்கு மின்தூக்கி இருக்கிறது, சான் மார்கோ மணிக்கூண்டிலும் இருக்கிறது என்றாலும் அங்கே நிற்கும் வரிசை இங்கே இருக்காது, மேலே நின்றால் சான் மார்கோவே எதிரில் தெரியும். மாமியாரும் படி ஏறாமல் ஊரை முழுதாகப் பார்த்துவிடலாம். இறங்கி வந்து அதே 2-ஆம் எண்ணில் ஜுதெக்கா தீவுப் பக்கமாகவே ஏறி உட்கார்ந்தால் ஒரு பாலம்கூட ஏறாமல் பியாத்ஸாலே ரோமாவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

கார்டு விஷயத்தில் ஒன்றே ஒன்றைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லி வையுங்கள். ஆளுக்கு ஒரு கார்டு, ஏறும் ஒவ்வொரு தடவையும் கருவியில் காட்ட வேண்டும். நேற்றே காட்டியாயிற்று, பாஸ் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது, காட்டாமல் ஏறுவதும் விதிமீறல்தான். ஐமாப் என்று எழுதிய கருவி மேடைக்குப் போகும் வழியிலேயே நிற்கும், பீப் சத்தமும் பச்சை விளக்கும் வந்தால் சரி. பரிசோதகர்கள் சுற்றுலாக் கூட்டத்தில் அடிக்கடி வருவார்கள், அபராதம் பாஸின் விலையையே தாண்டிவிடும், தெரியாது என்பதெல்லாம் எடுபடாது. ஏவிஎம் வெனீசியா என்ற ஆப்பில் டிக்கெட் வாங்கினாலும் இதே கதைதான், ஏறுவதற்கு முன்பே உயிரூட்டிக்கொள்ள வேண்டும், படகில் உட்கார்ந்து ஆற அமரச் செய்ய முடியாது. பெரிய நிறுத்தங்களில் உள்ளூர்க்காரர்களுக்குத் தனி வழி விட்டிருப்பார்கள், காலியாக இருக்கிறதே என்று அதில் நுழைய வேண்டாம். எந்த மேடை என்பதையும் பலகையில் பாருங்கள், சான் ஸக்கரீயாவிலும் ஃபெர்ரோவியாவிலும் ஒரே பெயரில் பல மேடைகள் இருக்கும், எண் சரியாக இருந்தாலும் படகு எதிர்த் திசையில் போகக்கூடும்.

இந்த பாஸில் சேராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கால்வாயைக் குறுக்கே கடத்திவிடும் திராகெத்தோ படகுக்கு 2 யூரோ கையில் கொடுக்க வேண்டும், மாமியாருக்கு அது வேண்டாம், ஆட்டம் அதிகம். கொண்டோலாவுக்குப் பகலில் அரை மணி 90 யூரோ, அது ஆளுக்கு அல்ல, படகுக்கு. அதிகபட்சம் ஐந்து பேர் ஏறலாம், உங்கள் குடும்பம் சரியாக அடங்கும், ஆசையிருந்தால் தலைக்கு 18 என்று நினைத்துத் தேற்றிக்கொள்ளலாம். விமான நிலையத்துக்குப் போகும் அலிலகுனா படகுகளுக்கும் பாஸ் செல்லாது.

ஊருக்குள் நுழையும் கட்டணம் இன்னொன்று. 2024 ஏப்ரலிலிருந்து குறிப்பிட்ட சில நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் வாங்குகிறார்கள், வசந்த கால வார இறுதிகள் அதில் நிறைய வரும். மெஸ்த்ரேவும் வெனிஸ் நகராட்சிக்குள்தான், அதனால் அங்கே தங்கும் உங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் விலக்கு தானாக வராது. உங்கள் தேதி பட்டியலில் இருக்கிறதா என்று நகராட்சித் தளத்தில் பார்த்து, இருந்தால் எல்லோர் பெயரிலும் பதிவு செய்து க்யூஆர் கோடை இறக்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக விமான நிலையம். மார்கோ போலோவுக்குப் போகும் பேருந்துக்குச் சாதாரண பாஸ் ஆகாது, தலைக்கு 10 யூரோ. ஐந்து பேருக்கு 50 ஆகிவிடுவதால் மெஸ்த்ரே விடுதியிலேயே டாக்சிக்கு எவ்வளவு என்று முந்தின நாளே கேட்டு வையுங்கள், பெட்டிகளோடும் மூட்டு வலியோடும் பேருந்து நிறுத்தம் வரை போவதை விட வாசலில் ஏறுவது மேல், விலையும் பெரிதாக மாறாது.