வாசகர் கேள்வி பதில்: புல்வெளியில் பார்த்தது ஓநாயா?

கே: ஞாயிறு விடியற்காலையில் மதுகிரி பக்கம் மைதேனஹள்ளிக்கு வெளிமான் பார்க்கப் போனோம். புல்வெளி ஓரமாக நாய் மாதிரி ஒன்று ஓடியது. அங்கே ஆடு மேய்த்தவர் ‘தோளா’ என்றார். ஓநாயா, ஊர்நாயா, எப்படித் தெரிந்துகொள்வது? – அல்சூர் வாசகர்

ப: கன்னடத்தில் தோளா என்றால் ஓநாய்தான். மேய்ப்பவர் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நீங்களே அடையாளம் காண வாலில் தொடங்குங்கள். ஊர்நாயின் வால் அநேகமாக முதுகுக்கு மேல் வளையும். ஓநாயின் வால் நேராகத் தொங்கும், நுனி கறுத்திருக்கும். கால்கள் உடம்புக்கு மீறிய நீளம், வெளிறிய நிறம். இந்திய ஓநாயின் அறிவியல் பெயரில் உள்ள ‘பாலிப்பெஸ்’ என்பதற்கே வெளிர்கால் என்றுதான் பொருள். எடை 17 முதல் 25 கிலோ வரை. பனிநாட்டு ஓநாயை மனதில் வைத்துத் தேடினால் இது இளைத்த நாயாகவே தெரியும்.

ஓடி மறைந்துவிட்டால் ஈரமண்ணில் தடம் பாருங்கள். ஓநாயின் பின்கால் பெரும்பாலும் முன்கால் பதிந்த இடத்திலேயே விழும். தடம் நூல் பிடித்தாற்போல் போகும். நாயோ அங்கங்கே மோந்து வளைந்து வளைந்து போயிருக்கும். ஒற்றைக் காலடியை வைத்து முடிவு கட்டாதீர்கள், பெரிய நாயின் தடமும் அதே அளவு இருக்கும்.

கேமராவோடு போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். குளிர்கால மாதங்களில்தான் ஓநாய் குட்டி ஈனும். மண்மேட்டில் ஓநாயின் வளையும் அதன் வாசலில் எலும்பும் தெரிந்தால் உடனே விலகிவிடுங்கள். ஆள் நடமாட்டம் பட்டால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றும். அப்போது தனியே கிடக்கும் குட்டி ஊர்நாய்களிடம் அகப்படும்.

கே: செந்நாயும் ஓநாயும் ஒன்றா? – ஜாலஹள்ளி வாசகர்

ப: இல்லை. பந்திப்பூர், நாகரஹொளே காடுகளில் பார்ப்பது செந்நாய். செம்பட்டை உடல், புசுபுசுவென்ற கறுத்த வால், சீட்டியடித்துக் கூப்பிடும். தக்காணத்து ஓநாய் வெட்டவெளி விலங்கு, ஊளையிடும்.

கே: இணையத்தில் ‘ஓநாய் கலப்புக் குட்டி’ என்று விற்கிறார்கள். வாங்கலாமா? – கே.ஆர். புரம் வாசகர்

ப: வேண்டாம். ஓநாய் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அதைவிடப் பெரிய கவலை ஓநாய் நாயோடு கலப்பதுதான். நாட்டில் உள்ள இந்திய ஓநாய்கள் சுமார் 3,000. தெருநாய்களோ கோடிக்கணக்கில். புனே அருகே கலப்பினம் இருப்பதை உறுதி செய்த மரபணுச் சோதனை நம் பெங்களூரு ஆய்வகங்களில்தான் நடந்தது. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய், வெறிநோய் இரண்டும் நாயிடமிருந்து ஓநாய்க்குத் தொற்றும்.

கே: சிரா பக்கம் என் மாமனார் ஆட்டுக்கிடை போடுகிறார். இரண்டு குட்டிகளை ஓநாய் தூக்கிவிட்டது. விஷம் வைக்கச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா? – யஷ்வந்த்பூர் வாசகர்

ப: விஷம் வைக்கவே கூடாது. சட்டக்குற்றம் என்பது ஒருபுறம். அந்த இறைச்சியை முதலில் தின்பது கழுகும் உங்கள் காவல் நாயும்தான்.

கிடையில் இழப்பு கூடுவதற்குக் காரணம், மிரண்ட ஆடுகள் வலையைத் தள்ளிக்கொண்டு வெளியே சிதறுவது. சிதறிய மந்தையில் ஓநாய் ஒன்றோடு நிற்காது. ஆகவே வலை 5 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும், முளைகளை நெருக்கி ஆழமாக அடியுங்கள். ஓநாய் தாண்டுவதைவிட அடியில் தோண்டி நுழையவே பார்க்கும். எனவே வலையின் அடியோரத்தை வெளிப்பக்கம் 2 அடி மடித்துக் கல் ஏற்றுங்கள், அதன்மேல் முள் போடுங்கள். குட்டிகளை நடுவில் தனிக்கூண்டில் அடையுங்கள். செத்த ஆட்டைக் கிடைக்குப் பக்கத்தில் வீசாமல் (நிவாரணம் கேட்பதானால் சான்றிதழ் வாங்கியபின்) ஆழமாகப் புதையுங்கள். அந்த வாடைதான் மறுபடி அழைத்துவரும்.

இன்னொன்று, கொன்றது ஓநாய்தானா என்று பாருங்கள். ஓநாய் பெரும்பாலும் தொண்டையைப் பிடிக்கும், குட்டியானால் தூக்கிக்கொண்டே போய்விடும். பின்தொடை, காது, வயிறு எனப் பல இடத்தில் குதறிவிட்டு அதிகம் தின்னாமல் விட்டிருந்தால் நாய்க்கூட்டமாக இருக்கும். கழுத்துத் தோலை உரித்தால் பல்பட்ட இடத்தில் ரத்தம் கட்டியிருக்கும். உயிரோடு இருந்தபோது பிடித்ததற்கு அதுவே அடையாளம். நிவாரணம் கேட்க, உடலை நகர்த்தாமல் படம் எடுத்து, வனத்துறைக்குத் தகவல் சொல்லி, கால்நடை மருத்துவரின் சான்றிதழ் வாங்குங்கள். அவர்கள் வரும்வரை உடலைத் தார்ப்பாயால் மூடிவையுங்கள், நாய் இழுத்துவிட்டால் சான்று போய்விடும்.