கியோஸ் தீவின் பிசின் கிராமங்கள்

கேள்வி: வரும் செப்டம்பரில் நானும் என் மனைவியும் கிரேக்கத்தின் கியோஸ் தீவில் ஒரு வாரம் தங்கவிருக்கிறோம். கிராமங்களை நிதானமாகச் சுற்றிப் பார்க்கவே இருவருக்கும் ஆசை. எங்கே தங்கலாம்?

பதில்: தீவின் தெற்கேயுள்ள மெஸ்தாவில் தங்குங்கள். இத்தாலியின் ஜெனோவா நகரத்தார் ஆண்ட காலத்தில், கடற்கொள்ளையருக்கு அஞ்சி, வெளிவரிசை வீடுகளின் பின்சுவர்களே கோட்டை மதிலாக அமையும்படி கட்டப்பட்ட ஊர் அது. வளைவுகளுக்கு அடியில் நுழைந்து செல்லும் அதன் சந்துகளில் வழி தவறுவதுகூட இன்பமே.

பிர்கி கிராமத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கருமணல் கலந்த சாந்தின்மேல் சுண்ணாம்பு பூசி, அது காய்வதற்குள் சுரண்டி எடுத்த முக்கோணங்களும் வட்டங்களும் வீட்டுச் சுவர்களை நிறைத்திருக்க, மாடங்களில் தக்காளிச் சரங்கள் உலர்ந்துகொண்டிருக்கும்.

நம் நாட்டு மருந்துக் கடைகளில் ரூமி மஸ்தகி என்று விற்கப்படும் பிசின் இக்கிராமங்களின் விளைச்சல்தான். மரத்தடியைப் பெருக்கி வெண்பொடி தூவி, பட்டையைக் கீறினால், கண்ணீர்த் துளிபோல் வடிந்து இறுகுகிறது. இக்கலையை 2014-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வாசற்படியில் அமர்ந்து சிறு கத்தியால் பிசினைத் துப்புரவு செய்யும் பெண்களைக் கண்டால், அவசரப்படாமல் அருகே நின்று பாருங்கள்.