பெட்டியில் டைரக்ட்எக்ஸ் 12 என்று இருக்கிறது, மென்பொருள் திறக்கவில்லை: கடையில் பணம் கேட்க முடியுமா?

கேள்வி: ஏற்காட்டில் வீட்டிலிருந்தே, கட்டடங்களுக்கு முப்பரிமாணப் படம் செய்து கொடுத்துப் பிழைக்கிறேன். சேலத்தில் ஒரு கடையில் ஜிடி 730 கிராஃபிக்ஸ் கார்டு 4,800 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும் முன் மென்பொருளின் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் கேட்டேன். "டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் எல்லாம் ஓடும்" என்று பதில் வந்தது. மென்பொருளோ ஃபீச்சர் லெவல் 12_0 வேண்டும் என்று சொல்லி நின்றுவிடுகிறது. கடைக்காரர் பெட்டியைக் காட்டி, விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதில்லை என்கிறார். 5 மாதம் ஆகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் "கார்டு பழுது" என்று எழுதினால் புகார் நிற்காது. கார்டு பழுதில்லை, பெட்டியில் அச்சிட்டதும் பொய்யில்லை. டைரக்ட்எக்ஸ் 12 என்பது மென்பொருளும் கார்டும் பேசிக்கொள்ளும் முறை. ஃபீச்சர் லெவல் என்பது அந்தச் சில்லுக்குள் உண்மையில் என்னென்ன வசதி இருக்கிறது என்பதன் அளவு. ஜிடி 730 அந்த முறையில் பேசும், ஆனால் 11_0 அளவோடு நின்றுவிடும். எந்த டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) போட்டாலும் 12_0 வராது. டைரக்ட்எக்ஸ் போன்ற இன்னொரு முறையான வல்கனில் சிக்கல் இன்னும் பெரிது. இதே பெயரில் இருவேறு சில்லுகள் விற்பனைக்கு வந்தன. 384 கோர் (கணக்கிடும் அலகு) உள்ள கெப்ளர் வகையில் வல்கன் ஓடும். 96 கோர் உள்ள ஃபெர்மி வகையில் வல்கனே கிடையாது.

ஆகவே குறை இருப்பது கடைக்காரர் கொடுத்த வாக்கில். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(10), விற்பவர் எந்த விதத்தில் சொன்ன தரமானாலும் அதில் குறைந்தால் அதையும் 'குறைபாடு' என்றே கொள்கிறது. சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16-ம் உங்கள் பக்கம்தான்: எந்த வேலைக்கு என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஆக வேண்டும். இந்த வழக்கின் உயிரே அந்த வாட்ஸ்அப் பதில்தான். அதை அழிக்காதீர்கள், கைப்பேசியையும் மாற்றாதீர்கள். உரையாடலைத் தேதியோடு அச்செடுத்து, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023 (சாட்சியச் சட்டம்), பிரிவு 63-ன்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழும் இணையுங்கள்.

அடுத்து கார்டைச் சோதித்துப் பதிவு செய்யுங்கள். முதலில் சரியான டிரைவர்: ஃபெர்மி என்றால் 391.35, கெப்ளர் என்றால் 470 வரிசை. இதைச் செய்யாமல் போனால், "டிரைவர் போடத் தெரியவில்லை" என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும். பிறகு விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தி டிஎக்ஸ்டயாக் (dxdiag) என்று தட்டச்சு செய்து திறங்கள். டிஸ்ப்ளே பக்கத்தில், ஃபீச்சர் லெவல் வரிசையில் 11_0-க்கு மேல் எதுவும் இல்லாதது தெரியும். இந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டே உங்கள் வாதத்தைச் சொல்லிவிடும். கார்டின் விவரம் காட்டும் ஜிபியூ-ஸீ (GPU-Z) கருவியில் சில்லின் பெயரையும் (ஃபெர்மி ஜிஎஃப்108, கெப்ளர் ஜிகே208) வல்கன் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்பதையும் படமெடுங்கள். பெயருக்கு முன்னால் ஃபேக் என்று காட்டினால் கதையே வேறு. அது பயாஸ் (கார்டுக்குள் பதிந்த அடிப்படை நிரல்) மாற்றிய போலி. காவல்நிலையத்தில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். கார்டைக் கழற்றிப் பிரிக்கவோ பயாஸைத் தொடவோ வேண்டாம்.

மென்பொருள் நிறுவனம் கேட்கும் குறைந்தபட்சத் தகுதி நீங்கள் வாங்கிய தேதியில் என்னவாக இருந்தது என்பதற்கும் ஆதாரம் வேண்டும். வாங்கிய பிறகு அவர்கள் தகுதியை உயர்த்தியிருந்தால் அதற்குக் கடைக்காரர் பொறுப்பாக மாட்டார். உங்கள் வழக்கில் நான் அஞ்சும் இடம் இது ஒன்றுதான்.

"தொழிலுக்கு வாங்கினார், நுகர்வோர் அல்ல" என்று ஆட்சேபம் வரும். பிரிவு 2(7)-ன் விளக்கம் சுயதொழிலில் பிழைப்பவரைக் காக்கிறது. வாழ்வாதாரத்துக்காக நீங்களே செய்யும் வேலை என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பில்லில் அடித்த "திரும்பப் பெறப்படாது" முத்திரைக்கும் அஞ்ச வேண்டாம். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையே பிரிவு 2(47) முறையற்ற வணிகம் என்கிறது.

கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் 15 நாள் கெடு வைத்து அறிவிப்பு அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியுங்கள். பல கடைகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கிவரும். இல்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. காலக்கெடு 2 ஆண்டு. பிரமாணப் பத்திரமும் ஆவணங்களுமே அங்கே சாட்சி. எதிர்த்தரப்பு சோதனையை மறுத்தால், பிரிவு 38-ன்படி ஆய்வகத்துக்கு அனுப்பக் கேளுங்கள். விலை, வட்டி, செலவு, அளவான இழப்பீடு கேட்டால் போதும். 4,800 ரூபாய் கார்டுக்கு லட்சங்களில் கேட்பது மனுவின் மதிப்பைக் கெடுக்கும்.

வித்தியாசத் தொகை வாங்கிக்கொண்டு வேறு கார்டு தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் ஏற்கலாம். ஜிடிஎக்ஸ் 1650-ல் ஃபீச்சர் லெவல் 12_1, வல்கன் இரண்டும் உண்டு. தனி மின்செருகி தேவைப்படாத மாடல்களும் இருக்கின்றன. எந்தக் கார்டானாலும் ஃபீச்சர் லெவலையும் மென்பொருளின் பெயரையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.