மூக்கில் ஈயம், வயிற்றில் மஞ்சள்

கேள்வி: பிரிட்டனின் முதல் ஜெட்டான குளோஸ்டர் இ.28/39 விமானத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட் கட்டுகிறேன். பாகங்களை ஒட்டுவதற்கு முன் டேப் போட்டு நிற்க வைத்துப் பார்த்தேன். வால் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. மூக்கில் எடை போடலாமென்றால் அங்கே காற்றுத் துளை இருக்கிறதே?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அசல் விமானத்தின் அமைப்பே உங்களுக்கு வழிவிடுகிறது. மூக்கில் நுழையும் காற்று இரண்டாகப் பிரிந்து, விமானி அறையின் இருபுறமும் ஓடி, பின்னாலுள்ள விட்டில் டபிள்யூ.1 ஜெட் இன்ஜினுக்குப் போகும். எனவே துளைக்குள் எட்டிப் பார்த்தாலும் வெகுதூரம் தெரியாது. அரை சென்டிமீட்டர் உள்ளே வட்டத் தகடு ஒன்றை ஒட்டி, மங்கல் கறுப்பு அடித்துவிடுங்கள்.

அந்தத் தகட்டுக்குப் பின்னால், முன் சக்கரக் குழிக்கு மேலே, விமானி அறை தொடங்கும் வரை உள்ள இடம்தான் எடைக்கு. தூண்டில் கடையில் கிடைக்கும் ஈயக்குண்டுகளைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினால் நெருக்கமாக அடங்கும். விமானி இருக்கைக்குக் கீழே அடைப்பதில் பலன் குறைவு. பின் சக்கரங்களுக்கு அருகே போகப் போக, அதே ஈயத்துக்கு வாலைத் தூக்கும் பலம் குறைந்துகொண்டே போகும்.

எவ்வளவு எடை? கிராம் கணக்கு கேட்காதீர்கள், கிட்டுக்குக் கிட்டு மாறும். உடல், இறக்கை, வால், புகைபோக்கி எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்து, பின் சக்கரம் வரும் இடத்தில் இரண்டு சத்தே குச்சிகள் மேல் வையுங்கள். மூக்கு தானாகக் கவிழும்வரை ஈயம் சேர்த்து, அதற்கு மேலும் ஒரு குண்டு போடுங்கள்.

ஈயத்தை வெள்ளைப் பசையால் ஒட்டவே ஒட்டாதீர்கள். அதிலுள்ள அசெட்டிக் அமிலம் ஈயத்தை மெல்ல மெல்ல அரிக்கும். வெள்ளைப் பொடி பூத்து உப்பி, சில ஆண்டுகளில் உடலின் ஒட்டே பிளந்துவிடும். நம் ஊர் ஈரக்காற்று அதற்கு இன்னும் தோதானது. இரு கலவை எபோக்சிதான் சரி. முழுதாக மூடுகிற அளவுக்கு ஊற்றுங்கள்.

கேள்வி: நானும் அதே குளோஸ்டர் கிட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். அடிப்பக்க மஞ்சள் திட்டுத்திட்டாக நிற்கிறது. மேலே அடித்த லேக்கர் பச்சையும் பால் படிந்த மாதிரி வெளுத்துவிட்டது. பெயிண்ட் கெட்டதா?
– வாசகர், பஹாவ்

பதில்: பெயிண்ட் மேல் பழி போடாதீர்கள். மஞ்சளுக்கு மூடும் சக்தி குறைவு. சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) மேல் எத்தனை கோட் அடித்தாலும் அழுக்காகத்தான் தெரியும். வெள்ளைப் பிரைமர் மேல் மெல்லிய கோட்டாக மூன்று நான்கு அடியுங்கள். மஞ்சளை முதலில் முடித்து, நன்றாகக் காய்ந்தபின் டேப்பால் மறைத்து, மேலே மண்நிறமும் கரும்பச்சையும்.

வெளுப்புக்குக் காரணம் மழை நேரத்து ஈரம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பெயிண்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. மெல்ல ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரைப் பனிபோல லேசாகத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இனி மாலை மழைக்கு முன்பே அடித்து முடியுங்கள். தோட்டத்து வீட்டு அஞ்சடியில் மழைச்சாரலோடு அடிக்கிற வேலை வேண்டாம்.

கேள்வி: இதே குளோஸ்டர் கிட்டில், வால் இறக்கையில் நிற்கும் இரண்டு சின்னத் துடுப்புகளை ஒட்டலாமா?
– வாசகர், லூனாஸ்

பதில்: அசல் விமானம் 1941 மே 15 அன்று இங்கிலாந்தின் கிரான்வெல்லில் முதன்முறை பறந்தபோது அவை இல்லை, பிறகு சேர்த்தவை. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளதுபோல் கட்டினால் மட்டும் ஒட்டுங்கள்.