விரலுக்கு மட்டும்தான் இழப்பீடா?

கேள்வி: என் கணவருக்கு வயது 35. கோவை கணபதியில் ஆறு பேர் மட்டுமே வேலை செய்யும் பட்டறையில் பவர் பிரஸ் (உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரம்) ஓட்டி, மாதம் 18,000 ரூபாய் சம்பளம் வாங்கினார். 2025 மார்ச்சில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிரஸ்ஸில் சிக்கி அடியோடு துண்டாயின. மருத்துவமனைச் செலவை ஏற்ற முதலாளி, முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 40,000 ரூபாய் கொடுத்தார். இப்போது பிரஸ் அடிக்கும் சத்தம் கேட்டாலே கணவருக்கு உடம்பு நடுங்குகிறது, தூக்கமும் இல்லை. ‘மனசுக்கெல்லாம் காசு கிடையாது’ என்கிறார் முதலாளி.

பதில்: சகோதரி, முதலில் அந்த முத்திரைத்தாளைக் கண்டு அஞ்ச வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் 1923 ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17 ஆம் பிரிவின்படி செல்லாது. 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், விபத்து அதற்கு முன்பே நடந்ததால் பழைய சட்டத்தின்படியே கணக்கிட வேண்டும். ஆறே பேர் வேலை செய்யும் இடம் என்பதால் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு இதில் குறுக்கிடாது.

ஒரு கையில் இரு விரல்களை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு என்று சட்டத்தின் முதல் அட்டவணை வகுத்திருக்கிறது. சம்பளம் 18,000 என்றாலும் உச்சவரம்பான 15,000 ரூபாயே கணக்கில் வரும். அதில் 60 சதவீதமான 9,000 ரூபாயை, 35 வயதுக்குரிய காரணியான 197.06 ஆல் பெருக்கினால் முழு ஊனத்துக்குரிய தொகையான 17,73,540 வரும். அதில் 20 சதவீதம் 3,54,708 ரூபாய். கையில் கொடுத்த 40,000 ரூபாயைக் கழிக்க முதலாளி கோரலாம். சிகிச்சைச் செலவைக் கழிக்க முடியாது. ஒரு மாதத்துக்குள் தராததற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு.

மனப் பாதிப்புக்கு அட்டவணையில் சதவீதம் எதுவும் இல்லை; முதலாளி இதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆனால் அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, தகுதி பெற்ற மருத்துவர் மதிப்பிடும் நிரந்தரத் திறன் இழப்பின்படி இழப்பீடு கேட்க 4 ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒரே விபத்தின் காயங்களைச் சேர்த்தும் கணக்கிடலாம். உடலில் கீறல்கூட இல்லாமல் மன உளைச்சலுக்கு மட்டும் கேட்டிருந்தால் நானே தயங்கியிருப்பேன். உங்கள் வழக்கில் விரல் போன அதே நொடியிலிருந்துதான் நடுக்கமும் தொடங்கியிருக்கிறது. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சரை முழு ஊனமுற்றவராகவே கருத வேண்டும் என்று 1975 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அவரால் இனித் தச்சு வேலை செய்ய முடியாது என்பதைப் பார்த்துத்தான். பிரஸ் முன் நிற்கவே முடியாதவரின் நிலையையும் அந்தக் கண்ணோட்டத்தில் வாதிடலாம். முழு ஊனமாகவே ஏற்பார்கள் என்று இப்போதே உறுதி தர மாட்டேன்.

எனவே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடர்ந்து சிகிச்சை பெறுங்கள். ஒரு சீட்டையும் தொலைக்காதீர்கள். ‘மனநோய்’ என்று மட்டும் எழுதிய சான்றிதழ் போதாது. விபத்தால் வந்த பாதிப்பு, அது நிரந்தரமானது, இந்த அளவுக்குச் சம்பாதிக்கும் திறன் குறைந்துள்ளது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லையென்றால் ஜிபே பதிவுகளையும் உடன் வேலை செய்தவரின் சாட்சியத்தையும் காட்டலாம். நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய ஊழியர் இழப்பீட்டு ஆணையரிடம் விபத்து நடந்து இரண்டு ஆண்டு முடிவதற்குள், அதாவது 2027 மார்ச்சில் அந்தத் தேதி வருவதற்குள் மனு கொடுங்கள். இடையில் முதலாளி சமரசம் பேச வந்தால், ஆணையரிடம் பதிவு செய்யாத எந்தத் தாளிலும் கணவரைக் கையெழுத்திட விடாதீர்கள்.