காவியம் மறந்ததும் காசு மறந்ததும்

அன்புள்ள ஐயா,

அரபுகள் வருவதற்கு முன் ஈரானை ஆண்ட சாசானியரின் வெள்ளிக் காசுகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, ஈரானிய அரசர்களைப் பற்றி ஃபிர்தௌசி பாடிய காவியமான ஷாநாமாவை ஆங்கிலத்தில் வாங்கிப் படித்தேன். முடித்ததும் குழப்பம்தான் மிச்சம். ஜம்ஷித், ஃபரீதூன், கய் காவூஸ், கய் குஸ்ரோ என்று புராண அரசர்கள் பக்கம் பக்கமாக வருகிறார்கள். இவர்களில் ஒருவர் பெயரிலும் காசு கிடைத்ததில்லை. பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸ் காவியத்தில் இல்லவே இல்லை. சாசானியருக்கு முன் நானூறு வருஷத்துக்கு மேல் ஆண்ட பார்த்தியர்களை ஃபிர்தௌசி ஒரு பக்கத்தில் முடித்துவிடுகிறார். அப்படியானால் காசைத்தானே நம்ப வேண்டும்? புராணத்தை ஒதுக்கிவிட்டால் என்ன? இன்னும் இரண்டு சந்தேகங்கள். முகத்தைப் பார்த்தே இன்ன அரசன் என்று எப்படிச் சொல்கிறார்கள்? அரபுகள் வந்ததும் அந்த முகங்கள் மறைந்துவிட்டனவா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

முகத்திலிருந்து தொடங்குகிறேன், அது எளிது. சாசானியக் காசில் முகத்தைப் பார்த்து யாரும் அடையாளம் சொல்வதில்லை. தாடி, சுருள்முடி, காதில் தொங்கட்டான் எல்லாம் ஏறக்குறைய ஒரே வார்ப்புதான். பார்க்க வேண்டியது கிரீடத்தை. ஒவ்வொரு அரசனும் தனக்கென்று ஒரு கிரீடம் வைத்துக்கொண்டான். ஒருவனுக்குக் கோட்டை மதில் போன்ற பற்கள், இன்னொருவனுக்கு இறக்கை, வேறொருவனுக்குப் பிறை. ஆட்சியில் பலத்த அடி விழுந்து மீண்டு வந்தால் கிரீடமும் மாறும். இரண்டாம் குஸ்ரோ 590இல் தளபதி பஹ்ராம் சோபினிடம் அரியணையை இழந்து பைசாந்தியத்துக்கு ஓடினான். மறு வருஷம் அந்நாட்டுப் படையோடு வந்து மீட்டான். அதற்குப் பிறகு அவன் காசில் கிரீடத்துக்கு இறக்கை முளைத்துவிட்டது. சாசானியரின் ஜொராஸ்திரிய மறைநூலான அவெஸ்தாவில் வெற்றிக் கடவுளான வெரெத்ரக்னா பத்து உருவங்களில் வருகிறான். அதில் ஒன்று பறவை. அந்த இறக்கைதான் இது என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. வெரெத்ரக்னா என்ற பெயர் பேச்சில் தேய்ந்து வந்த வடிவம்தான் பஹ்ராம். குஸ்ரோவைத் துரத்தியவனின் பெயரும் அதுதான்!

கிரீடத்துக்கு அடுத்தது எழுத்து. 1793இல், பிரெஞ்சுப் புரட்சி தலைவெட்டிக்கொண்டிருந்த நாட்களில், சில்வெஸ்தர் த சாசி என்ற அறிஞர் நக்‌ஷ்-இ-ருஸ்தம் பாறைக் கல்வெட்டுகளின் படிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரே வாசகம் கிரேக்கத்திலும் இருந்தது. கிரேக்கத்தைப் பிடித்துக்கொண்டு, சாசானியர் எழுதிய பாரசீக வடிவமான பஹ்லவியை அவிழ்த்தார். ‘மஸ்தாவை வணங்கும் தேவன் அர்தஷிர், ஈரானின் மன்னர் மன்னன், தேவர்களின் வித்து’ என்ற அந்த வாய்பாடுதான் காசின் விளிம்பிலும் ஓடுகிறது. மஸ்தா அவர்களின் முழுமுதற் கடவுள், அர்தஷிர் சாசானிய வம்சத்தை நிறுவியவன். ஒரு பூட்டுக்குச் செய்த சாவியில் நூறு பூட்டு திறந்தது. நம் பக்கத்திலிருந்தும் ஒருவரைச் சொல்ல வேண்டும். பம்பாய்ப் பார்சியான ஃபர்தூன்ஜி பாருக் 1924இல் வெளியிட்ட சாசானியக் காசுகள் பற்றிய பெரிய நூல் பல காலம் ஆய்வாளர்களின் மேசையில் இருந்தது.

சரி, முக்கியமான கேள்விக்கு வருவோம். காசா, காவியமா?

பார்த்தியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பொ.ஆ.மு. 247 தொடங்கி பொ.ஆ. 224 வரை ஆண்ட வம்சம். ஷாநாமாவில் சுமார் இருபது ஈரடிகள். பெயரைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை, அரசர்களின் நூலிலும் கண்டதில்லை என்று ஃபிர்தௌசியே கைவிரித்துவிடுகிறார். பொய் சொல்லவில்லை மனிதர். அவருக்குக் கிடைத்த அரச வரலாறு சாசானியர் அவையில் தொகுக்கப்பட்டது. தாங்கள் கவிழ்த்த வம்சத்தை நீட்டி எழுத அவர்களுக்கு என்ன அவசியம்? எனவே பார்த்திய அரசர் வரிசையைக் காசுகளைக் கொண்டுதான் பெருமளவு கட்டியெழுப்பினார்கள்.

அதுவும் சுலபமில்லை. ஏறக்குறைய எல்லாப் பார்த்திய அரசர்களும் காசில் தங்கள் சொந்தப் பெயரைப் போடாமல், வம்சத்தை நிறுவிய அர்சாக்கின் பெயரைத்தான் போட்டுக்கொண்டார்கள். நம் சோழ அரசர்கள் மாறி மாறி ராஜகேசரி, பரகேசரி என்று வைத்துக்கொண்டதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே மாறவும் இல்லை, ஒரே பெயர். எழுத்து கிரேக்கம். பட்டங்களில் ஒன்று ‘கிரேக்கர்களின் நண்பன்’. பின்புறத்தில் வில்லைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒருவன். அதற்கு முன்பு அங்கே ஆண்ட கிரேக்க வம்சமான செலூக்கியரின் காசில் அதே இடத்தில் அப்பல்லோ உட்கார்ந்திருந்தார். பார்த்தியர்கள் அவரை எழுப்பிவிட்டு ஈரானிய உடுப்புப் போட்ட வில்லாளியை உட்கார வைத்தார்கள். இந்தக் கூட்டத்தில் யார் எவர் என்று பிரிக்க, நெற்றியில் உள்ள மருவைக்கூட ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டாம் ஓரோதஸ், அவன் மகன் நான்காம் ஃபிராத்தஸ் காசுகளில் அந்த மரு தெளிவாகத் தெரியும். நல்லவேளையாக டைகிரிஸ் கரையிலிருந்த செலூக்கியா நகரில் அடித்த பெரிய காசுகளில் வருஷமும், பலவற்றில் மாதமும் இருக்கின்றன. அதுதான் ஆய்வாளருக்கு ஆணி.

இவ்வளவும் உங்கள் கட்சிக்குச் சாதகம்தான். இனி நான் மாறுபடும் இடம்.

மேற்கு ஈரானில் பிசுதூன் மலையில் சிதைந்த பாறைச் சிற்பம் ஒன்றில் கிரேக்க எழுத்தில் ‘கோதர்சஸ், கீவின் மகன்’ என்று இருக்கிறது. பொ.ஆ. முதல் நூற்றாண்டில் ஆண்ட பார்த்திய அரசன் கோதர்சஸ்தான் இது என்பது பலர் கருத்து. அவன் காசுகளும் இருக்கின்றன. இப்போது ஷாநாமாவைத் திறங்கள். கய் குஸ்ரோவின் அவையில் பெரிய வீரன் யார்? கூதர்ஸ். அவன் மகன் யார்? கீவ். பாறையில் கீவின் மகன் கோதர்சஸ், காவியத்தில் கூதர்ஸின் மகன் கீவ். அப்பன் மகன் முறை தலைகீழாகிவிட்டது, பெயர்கள் அப்படியே இருக்கின்றன. ஜெர்மானியரான நோல்டெக்கே முதலான அறிஞர்கள் இதைச் சுட்டியிருக்கிறார்கள். பார்த்தியப் பெருங்குடிகளின் வீரக்கதைகள் புராணத்துக்குள் போய், பழைய அரசர்களின் சேவகத்தில் அமர்ந்துவிட்டன. ஒரு பக்கத்தில் முடித்துவிட்டார் என்றீர்கள். அது அவர்களுக்கு ஒதுக்கிய பக்கம். மற்றபடி காவியத்தின் நடுப்பகுதியில் வேறு வேடத்தில் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சாசானியர் கதை இதற்கு நேர் எதிர்த் திசை. அங்கே புராணம் காசுக்குள் வருகிறது. தொடக்கத்தில் ‘தேவர்களின் வித்து’ என்றுதானே போட்டார்கள்? 438இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் யஸ்தகிர்த் காலத்தில் ஈரானிய அரச காசில் ஒரு புதுச் சொல் ஏறுகிறது: கய். கய் காவூஸின் கய், புராண அரசர்களின் பட்டம். அவன் மகன் பேரோஸும் காசில் ‘கய் பேரோஸ்’ ஆனான். பேரோஸ் தன் மகனுக்கு வைத்த பெயர் கவாத், காவியத்தின் கய் குபாத். கவாத் தன் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள் காவூஸ், குஸ்ரோ. மூன்று தலைமுறையில், காவியத்தின் ‘கய்’ அரசர்களான கயானியரின் மொத்தக் குடும்பமும் அரண்மனையில் விளையாடிக்கொண்டிருந்தது. ஏன் அந்தக் காலத்தில்? கிழக்கு எல்லையில் ஹெப்தலியர் முதலான மத்திய ஆசியக் கூட்டத்தாரோடு ஓயாத சண்டை. 484இல் பேரோஸ் அந்தப் போரிலேயே செத்தான். கயானியர் கதை முழுக்கக் கிழக்கே துரான் என்ற பகைநாட்டோடு நடக்கும் சண்டை. பட்டத்தின் பொருள் அந்தக் காசைக் கையில் வாங்கிய படைவீரனுக்கு விளக்காமலே புரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆகவே ஜம்ஷித் காசு அடித்தானா என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. காவியத்தை ஒதுக்கிவிட்டாலோ, ‘கய்’ என்ற அந்தச் சொல் வெறும் கீறலாகிவிடும்.

இடையில் ஒன்று, இலங்கையில் நடந்ததாகச் சொல்லும் கதை என்பதால் விட மனமில்லை. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த காஸ்மாஸ் எழுதிவைத்தது. சோபத்ரோஸ் என்ற ரோமானிய வணிகனும் ஒரு பாரசீகத் தூதனும் இலங்கை அரசன் முன் நிற்கிறார்கள். உங்கள் இருவரில் யார் அரசன் பெரியவன் என்று கேட்கிறான். பாரசீகன் அளந்து தள்ளுகிறான். சோபத்ரோஸ் அமைதியாக, இருவரும் இங்கேயே இருக்கிறார்கள், பாருங்கள் என்று காசுகளைக் காட்டச் சொல்கிறான். ரோமானியக் காசு பொன், பாரசீகக் காசு வெள்ளி. தீர்ப்பு தெரிந்ததுதான். சொல்பவர் ரோமானியப் பக்கத்து ஆள் என்பதை மறக்க வேண்டாம். முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி, இலங்கை அரசன் ரோமானியக் காசுகளெல்லாம் ஒரே எடையில் இருப்பதைக் கண்டு வியந்தான் என்று எழுதியிருக்கிறார். அதே சரக்குக்குப் புதுச் சட்டை போட்டிருக்கலாம். சாசானியர் பெரும்பாலும் வெள்ளியில் அடித்தார்கள் என்பது மட்டும் உண்மை. அகலமான, மெல்லிய, தரமான வெள்ளி.

கடைசிக் கேள்வி. இல்லை, முகங்கள் மறையவில்லை. கடைசி அரசன் மூன்றாம் யஸ்தகிர்த் 651இல் மெர்வ் அருகே கொல்லப்பட்டான். அரபு ஆளுநர்கள் பழைய அச்சையே தொடர்ந்தார்கள். முன்னால் இரண்டாம் குஸ்ரோவின் முகம், பின்னால் நெருப்புப் பீடமும் காவலர் இருவரும், விளிம்பில் மட்டும் அரபியில் ‘பிஸ்மில்லா’. சந்தையில் புழங்கிய காசைத் திடீரென்று மாற்றினால் யார் வாங்குவார்கள்? கலீஃபா அப்துல் மலிக் 690களின் இறுதியில் உருவமே இல்லாத, எழுத்து மட்டும் உள்ள காசைக் கொண்டுவந்தார்.

காஸ்பியன் கரையிலிருந்த தபரிஸ்தானில் அதற்கப்புறமும் நூறு வருஷம்போல குஸ்ரோவின் காசு பாதி எடையில் தொடர்ந்தது. 780களின் இறுதியில் சுலைமான் என்ற ஆளுநர் அடித்த காசு ஒன்று உண்டு. இறக்கை வைத்த கிரீடம் இருக்கிறது, தோள் இருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாய்சதுரம்; அதற்குள் அரபியில் ‘பக்’ என்று ஒரு சொல். நல்லது என்று பொருள்.